எண்ணெய் நடந்து வந்த வழி

சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்து மாலை ஒன்றில், குமரிக் கடற்கரை ஊர் ஒன்றின் பழுதுநீக்கும் கொட்டகையில் நாம் அமர்ந்திருந்தோம். கடல் கொந்தளித்துக் கிடந்ததால் வள்ளங்கள் யாவும் மணலில் ஏற்றப்பட்டிருந்தன. கொட்டகையின் நடுவே தண்ணீர் நிரப்பிய பீப்பாய் ஒன்று. அதன் விளிம்பில் 8 குதிரைத்திறன் கொண்ட பழைய வெளிப்பொருத்து இயந்திரம் ஒன்று மாட்டப்பட்டிருந்தது. அதைச் சுற்றி மூவர். இருவர் உடன்பிறந்தோர்; மூன்றாமவர் அறுபது வயதைத் தாண்டிய மெக்கானிக்.

இயந்திரத்தின் நோய் இதுதான்: பெட்ரோலில் நன்றாகக் கிளம்பும். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் சில நிமிடம் ஓடும். பின்பு மூச்சுத் திணறி நின்றுவிடும். ஒருநாள் விடியலில், கரையோர அலை உடையும் இடத்திற்கு வெகு அருகே அது நின்றுவிட்டது. நங்கூரத்தை வீசித் துடுப்புகளைப் பிடித்துத்தான் அண்ணனும் தம்பியும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். அதற்குப் பின் கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிக் கழுவியாயிற்று, நோய் தீரவில்லை. தீராத நோய்க்குக் காரணம் தேடிய அண்ணன், இறுதியில் தம்பியின்மேல் கை காட்டினார். எண்ணெய் வாங்குபவன் தம்பிதான். மலிவான கலப்பட மண்ணெண்ணெயை வாங்கிவிட்டு மிச்சப் பணத்தை எடுத்துக்கொண்டான் என்பது அண்ணனின் முடிவு. ஒரு மாதமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அன்று அந்தக் கொட்டகையிலும் இருவரும் மெக்கானிக்கிடம் பேசினார்களேயன்றி ஒருவரோடொருவர் பேசவில்லை.

அந்த வழக்கு எவ்வாறு தீர்ந்தது என்பதைச் சொல்வதற்கு முன், இயந்திரத்தில் எண்ணெய் நடந்து வந்த வழியின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நலம். ஏனெனில் அந்த வரலாற்றை அறிந்தவருக்கே அந்த நோயின் இருப்பிடம் புலப்படும்.

தலைக்குமேல் இருந்த தொட்டி

படகின் பின்பலகையில் கழற்றி மாட்டக்கூடிய இயந்திரம் வேண்டும் என்னும் எண்ணம் பலருக்குத் தோன்றியதே. 1881இல் பாரிசில் குஸ்தாவ் துரூவே என்பவர் மின்சாரத்தால் இயங்கும் ஒன்றைச் செய்து பார்த்தார். 1905ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் கேமரூன் வாட்டர்மன் பெட்ரோலில் இயங்குவதைச் செய்து விற்கவும் தொடங்கினார். ஆயினும் உலகெங்கும் அதைப் பரப்பிய பெருமை ஓல் எவின்ரூட் என்பவரையே சாரும். அவர் நார்வேயில் 1877இல் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தவர். 1906ஆம் ஆண்டின் கோடைநாள் ஒன்றில் ஏரிக்கரை உலாவின்போது, தாம் மணக்கவிருந்த பெஸ் என்னும் பெண்ணின் விருப்பத்திற்காக ஐஸ்கிரீம் வாங்கிவரத் துடுப்பு வலித்துச் சென்றார் என்றும், திரும்பி வருவதற்குள் அது உருகிவிட்டது என்றும், அந்தக் களைப்பில்தான் இந்த எண்ணம் பிறந்தது என்றும் ஒரு கதை வழங்கிவருகிறது. கதை எவ்வாறாயினும், 1909இல் மில்வாக்கி நகரில் அவருடைய இயந்திரம் விற்பனைக்கு வந்தது உண்மை. 1.5 குதிரைத்திறன், எடை 62 இராத்தல், விலை 62 டாலர். பட்டறையைக் கணவர் பார்த்துக்கொள்ள, கடிதங்களையும் விளம்பரங்களையும் கணக்குகளையும் மனைவி பெஸ் கவனித்துக்கொண்டார்.

அந்த முதல் இயந்திரத்தில் எண்ணெயின் பயணம் மிக எளியது. சிறிய தொட்டி இயந்திரத்தோடு சேர்ந்தே மேலே இருந்தது. உயவெண்ணெய் கலந்த பெட்ரோல், தன் எடையினாலேயே கீழே இறங்கிக் காற்றோடு கலந்து உருளைக்குள் சென்றது. இடையில் ஒரு மூடுகுழாயும் சிறு குழலும் தவிர வேறு எதுவும் இல்லை. ஆகவே இயந்திரம் நின்றுபோனால் கேட்க வேண்டிய கேள்விகளும் சிலவே. தொட்டியில் எண்ணெய் உள்ளதா? மூடியின் காற்றுத் துளை திறந்திருக்கிறதா? குழாயில் அழுக்கு அடைத்திருக்கிறதா?

இவற்றுள் காற்றுத் துளையைப் பற்றி ஒரு சொல். தொட்டியிலிருந்து எண்ணெய் வெளியேற வேண்டுமானால் அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே செல்ல வேண்டும். துளை மூடியிருந்தால், உள்ளே வெற்றிடம் உருவாகி எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இயந்திரம் கிளம்பும், சிறிது தூரம் ஓடும், பின்பு நிற்கும். கரையில் சோதிக்கும்போது நல்லபிள்ளையாய் ஓடிவிட்டுக் கடலில் கைவிடும் இயந்திரங்களின் கதை பெரும்பாலும் இதுவே. 1909இல் இருந்த இந்தக் குறை இன்றும் இருக்கிறது.

தொட்டி கீழே இறங்கிய கதை

இயந்திரங்கள் வலுவடைந்தபோது அவற்றின் பசியும் வளர்ந்தது. தலையில் சுமந்த சிறு தொட்டி போதவில்லை. அலையில் ஆடும் படகில், ஓடிக்கொண்டிருக்கும் சூடான இயந்திரத்தின்மேல் பெட்ரோல் ஊற்றுவதும் ஆபத்தாயிற்று. 1949இல் ஜான்சன் நிறுவனம் தன் 10 குதிரைத்திறன் இயந்திரத்தோடு தனித் தொட்டி ஒன்றைத் தந்தது. தொட்டி படகின் தளத்தில் இருக்கும். இரட்டைக் குழாய் ஒன்று அதை இயந்திரத்தோடு இணைக்கும். இயந்திரத்தின் கிராங்க் அறையில் எழும் அழுத்தம் ஒரு குழாய் வழியே தொட்டிக்குச் சென்று எண்ணெயைத் தள்ள, மறு குழாய் வழியே எண்ணெய் மேலேறும்.

வசதி பெருகியது. கூடவே புதிய நோய்களும் பிறந்தன. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்தால் அழுத்தம் கசிந்து எண்ணெய் மேலேறாது. குழாய் வெடித்தால் படகுக்குள் பெட்ரோல் பீய்ச்சியடிக்கும். ஆகையால் 1950களின் இறுதியையொட்டி இந்த முறை மறையத் தொடங்கி, ஒற்றைக் குழாயும் சவ்வுப் பம்பும் வழக்கத்திற்கு வந்தன. இயந்திரத்தின் பக்கவாட்டில் உள்ளங்கையளவு பம்பு. அதற்குள் மெல்லிய சவ்வு ஒன்று. கிராங்க் அறையில் மாறிமாறி எழும் அழுத்தமும் உறிஞ்சலும் அந்தச் சவ்வைத் துடிக்கச் செய்ய, இரு சிறு அடைப்பிதழ்களின் துணையால் எண்ணெய் ஒரே திசையில் மேலேறுகிறது. முதன்முதலில் எண்ணெயை ஏற்றிக்கொடுக்கக் குழாயின் நடுவே கையால் அழுத்தும் ரப்பர்க் குமிழ் வந்தது. அதன்மேல் பொறித்த அம்புக்குறி இயந்திரத்தை நோக்கியே இருக்க வேண்டும்.

இந்த மாற்றத்தில் பலரும் கவனிக்கத் தவறும் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. பழைய முறை எண்ணெயைத் தள்ளியது. புதிய முறை எண்ணெயை உறிஞ்சுகிறது. தள்ளும் குழாயில் ஓட்டை விழுந்தால் எண்ணெய் வெளியே ஒழுகும். கண் காணும், மூக்கு முகரும். உறிஞ்சும் குழாயில் ஓட்டை விழுந்தாலோ ஒரு சொட்டும் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். குழாய் உலர்ந்து, துப்புரவாய், குற்றமற்றதாய்த் தோன்றும். இயந்திரமோ எண்ணெய்க்குப் பதில் காற்றைக் குடித்துச் சாகும்.

நம் கரைக்கு வந்தபோது

எவின்ரூட் பிறந்த அதே நார்வே, நம் கரையின் வரலாற்றிலும் இடம்பெறுவது சுவையான பொருத்தம். 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரை ஊர்களில் மீன்பிடி வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. மீனவரின் வாழ்க்கையை உயர்த்துவதே நோக்கம். ஆயினும் அது காலப்போக்கில் டீசல் விசைப்படகுகளுக்கும் இறால் ஏற்றுமதிக்கும் வழிவகுத்தது. கட்டுமரத்தையும் வள்ளத்தையும் நம்பியிருந்தோரில் மிகப் பலர் கரையிலேயே நின்றுவிட்டனர். விசைப்படகுகளோடு போட்டியிட இயலாத அந்த எளிய மீனவர்களுக்கு, 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிய வெளிப்பொருத்து இயந்திரங்கள் ஒரு மறுவாய்ப்பாக வந்தன.

அதே காலத்தில்தான் குமரி மாவட்டத்து முட்டத்தில், பெல்ஜியம் நாட்டுக் குருவானவர் பியர் ஜில்லே, கட்டுமரத்திற்கு உகந்த பெரிய மரங்கள் அருகிவருவதைக் கண்டு, ஒட்டுப்பலகையால் படகு கட்டும் முயற்சியில் மீனவரோடும் தச்சரோடும் சேர்ந்து உழைத்தார். 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, அத்தகைய படகுகளைக் கட்டித் தந்ததோடு இயந்திரங்களைப் பழுதுநீக்கும் பணியையும் மேற்கொண்டது. படகும் இயந்திரமும் வந்தால் போதாது, அவற்றைப் பழுதுபார்க்கும் அறிவும் கரையிலேயே ஊன்ற வேண்டும் என்பதை உணர்ந்தோர் அவர்கள்.

இங்கு வந்த இயந்திரங்களில் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெட்ரோலின் விலை ஏழை மீனவனுக்கு எட்டாததே காரணம். ஆனால் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரத்தில் பற்றாது. ஆதலால் இருவகை எண்ணெய் முறை ஏற்பட்டது. பெட்ரோலில் கிளப்பி, இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெட்ரோலுக்குத் திரும்ப வேண்டும். இல்லையேல் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கிவிடும், அடுத்த முறை கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் இயந்திரம் கிளம்பாது. கரையோர அலைக்கு முன்னால் வந்து நின்று, தக்க நேரம் பார்த்து மறுபடி கிளப்ப வேண்டிய மீனவனுக்கு இந்தச் சிறு ஒழுங்கு உயிர் காக்கும் ஒழுங்கு.

தட்டுப்பாடு கற்பித்த பாடம்

இதே அறிவை யாழ்ப்பாணத்துத் தமிழர் வேறொரு துன்பத்தில் கற்றனர். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டிற்குப் பெட்ரோல் செல்வது தடைசெய்யப்பட்டது. கடலில் இறங்கவும் கட்டுப்பாடுகள் இருந்தன. அந்த ஆண்டுகளில் மோட்டார் சைக்கிள்களையும் கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகினார்கள். பொன்போலச் சேமித்த பெட்ரோலில் சில துளிகளைக் கார்புரேட்டரில் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவது அங்கு வீதிதோறும் கண்ட காட்சி. எந்தத் தொழிற்கூடமும் அவர்களுக்கு இதைக் கற்பிக்கவில்லை. எண்ணெய் எவ்வாறு ஆவியாகிறது, எங்கே தங்குகிறது என்பதைத் தேவையே அவர்களுக்குக் கற்பித்தது.

கொட்டகையில் நடந்த விசாரணை

இனி நம் கொட்டகைக்குத் திரும்புவோம். அந்தச் சகோதரர்களின் இயந்திரத்தில் பெட்ரோலுக்கென ஒரு சிறு டப்பா இயந்திரத்திற்கு மேலே கட்டப்பட்டிருந்தது. அதன் குழாய் பம்பைத் தொடாமல், நேரே கார்புரேட்டருக்கு முன்னுள்ள திருகுகுழாயில் சேர்ந்தது. மண்ணெண்ணெயோ படகின் தளத்திலுள்ள பெரிய தொட்டியிலிருந்து, ரப்பர்க் குமிழ், வடிகட்டி, சவ்வுப் பம்பு ஆகியவற்றைக் கடந்து அதே திருகுகுழாய்க்கு வர வேண்டும். ஒரே இயந்திரத்தில் இரண்டு காலங்கள் இருந்தன எனலாம். மேலே இருந்த டப்பா 1909ஆம் ஆண்டின் முறை; கீழே இருந்த தொட்டி அரை நூற்றாண்டுக்குப் பிந்திய முறை.

மெக்கானிக் முதலில் எதையும் கழற்றவில்லை. பெட்ரோலிலேயே கால் மணி நேரம் ஓட்டும்படி சொன்னார். அண்ணன் தயங்கினார், பெட்ரோலின் விலை அப்படி. அந்தச் சிக்கனத்தால்தான் ஒரு மாதமாக எவரும் பெட்ரோலில் ஓரிரு நிமிடத்திற்குமேல் ஓட்டிப் பார்க்கவில்லை. ஓட்டினார்கள். இயந்திரம் பிசிறின்றி ஓடிற்று. ஆகவே கார்புரேட்டர் குற்றமற்றது என்பது தெளிவாயிற்று. மூன்று முறை கழற்றிக் கழுவப்பட்டதும், பித்தளை ஜெட்டைக் கம்பியால் குத்திக் கீறியதும் வீண் வேலை.

அடுத்து அவர் செய்ததுதான் நம் நெஞ்சைத் தொட்டது. இயந்திரத்தை நிறுத்தி, மேலே கட்டிய டப்பாவில் எஞ்சிய பெட்ரோலை வடித்துவிட்டு, தம்பி வாங்கிவந்த அதே மண்ணெண்ணெயை, உயவெண்ணெய் கலந்த நிலையிலேயே, அதில் ஊற்றினார். சூடாறுவதற்குள் கிளப்பினார். கிண்ணத்தில் தங்கியிருந்த பெட்ரோலில் கிளம்பிய இயந்திரம், பின்பு மேலிருந்து இறங்கிய மண்ணெண்ணெயில் ஓடிற்று. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், நிற்கவில்லை. மண்ணெண்ணெயில் தண்ணீரும் இல்லை, கலப்படமும் இல்லை. எவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. தம்பி மட்டும் கொட்டகைக்கு வெளியே சென்று கடலைப் பார்த்தபடி நின்றார்.

இனி எஞ்சியது தொட்டிக்கும் திருகுகுழாய்க்கும் இடைப்பட்ட வழி மட்டுமே. தொட்டியின் காற்றுத் திருகு திறந்தே இருந்தது. ரப்பர்க் குமிழை அழுத்தினார். அது கல்லைப்போல் இறுகியிருக்க வேண்டும், இறுகவில்லை. தட்டையாய் உறிஞ்சிக்கொண்டு கிடந்திருந்தால் தொட்டிப் பக்கம் அடைப்பு என்று பொருள், அப்படியும் இல்லை. எத்தனை முறை அழுத்தினாலும் பஞ்சுபோல் தளர்ந்தே இருந்தது. இயந்திரம் நிற்கப்போகும் வேளையில் அதை அழுத்திக்கொண்டே இருந்தால் மட்டும் மீண்டும் உயிர்பெற்றது. மெக்கானிக் பம்புக்கு முன்னால் ஒரு சாண் அளவு ஒளி ஊடுருவும் குழாயைச் செருகிப் பார்த்தார். மண்ணெண்ணெயோடு முத்து முத்தாய்க் காற்றுக் குமிழ்கள் ஓடின.

"மக்கா, எண்ணெய் வெளிய ஒழுகினா ஊருக்கே தெரியும், காத்து உள்ள போனா ஒருத்தனுக்கும் தெரியாது" என்றார் அவர், எவரையும் குறிப்பாய்ப் பாராமல்.

குழாயை இயந்திரத்தோடு இணைக்கும் பூட்டில் இருந்த ரப்பர் வளையம் வெடித்துப் போயிருந்தது. மோதிர அளவும் இல்லாத, சில ரூபாய் பெறுமானமுள்ள பொருள். அதை மாற்றி, குழாயின் இரு முனைகளிலும் பட்டையை இறுக்கியதும் ரப்பர்க் குமிழ் இறுகிற்று; குமிழ்கள் மறைந்தன; இயந்திரம் பெரிய தொட்டியின் மண்ணெண்ணெயிலேயே பீப்பாய்த் தண்ணீர் சூடாகும்வரை ஓடிற்று. புதிய இயந்திரம் வாங்க வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைப்பதென்று முடிவாகியிருந்ததாம், அது தேவையற்றதாயிற்று.

நிறுத்திய இயந்திரத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், கிளப்பும் கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தம்பியின் கையில் அதைக் கொடுத்து, "நீ ஒருக்கா இழுத்துப் பாருலே" என்றார். மன்னிப்பு என்னும் சொல் அங்கு ஒலிக்கவில்லை. தம்பி உள்ளே வந்து கயிற்றை இழுத்தார்.

வரிசை என்னும் அறம்

அன்று அந்த முதியவர் கையாண்ட வரிசையை நாம் பின்னர் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. தொட்டி, காற்றுத் திருகு, குழாயும் பூட்டும், ரப்பர்க் குமிழ், வடிகட்டி, பம்பு, இறுதியில்தான் கார்புரேட்டர். எண்ணெய் நடந்து வரும் வழியிலேயே நடந்து செல்ல வேண்டும். இடையில் எதையும் தாண்டக்கூடாது. எளியதையும் செலவற்றதையும் முதலில் பார்க்க வேண்டும். கழற்றினால் மீண்டும் பழைய நிலைக்கு வராததைக் கடைசியில் தொட வேண்டும். நாமோ இதற்கு நேர்மாறாய் நடக்கிறோம். சிக்கலானதே குற்றவாளி என்று கார்புரேட்டரைக் கழற்றுகிறோம். அது பொய்த்ததும் பொருளை விட்டு மனிதனைப் பிடிக்கிறோம். அவனும் பெரும்பாலும் நம் வீட்டில் இளையவனாகவோ எளியவனாகவோ இருக்கிறான். சோதித்துப் பாராமல் சுமத்திய குற்றம் அந்த வீட்டில் ஒரு மாதம் குடியிருந்தது. அதைச் சோதிக்கத் தேவைப்பட்டதோ கால் மணி நேரப் பெட்ரோல்.

இன்று கரைகளில் புதிய இயந்திரங்கள் பெருகிவருகின்றன. ஆயினும் பழையவை மறைந்துவிடவில்லை. அவற்றிற்குப் புதிய நோய்களும் வருகின்றன. 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் அறிமுகமாயிற்று. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிகும்போது நீரோடு சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். உறிஞ்சு குழாயின் வாய் இருப்பதும் அடியில்தானே! பழைய ரப்பர்க் குழாய்களும் சவ்வுகளும் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. அவை ஊதியும் மென்மையாகியும் கெடக்கூடும். ஆதலால் பழைய இயந்திரம் வைத்திருப்போர் பெட்ரோலை நாள்பட வைத்திராமலும், ரப்பர்ப் பாகங்களை அடிக்கடி நோக்கியும் வருவது நலம்.

எவின்ரூட் தொடங்கிய பெயரும் நிலைக்கவில்லை. அதைத் தாங்கிய நிறுவனம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் நொடித்தது. பின்னர் கனடா நாட்டு நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறி, 2020இல் அந்தப் பெயரில் இயந்திரங்கள் செய்வதே நின்றுபோயிற்று. ஆனால் அவர் தலைமேல் வைத்த சிறு தொட்டி, அன்று ஒரு குமரிக் கொட்டகையில், குற்றமற்ற ஒருவனுக்குச் சாட்சி சொல்லிற்று. ஆவணி பிறந்து கடல் அடங்கியபின் நாம் மீண்டும் அந்தக் கரைக்குச் சென்றோம். விடியற்காலையில் வள்ளம் ஒன்று அலையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அண்ணன் முன்னே துடுப்போடு நிற்க, பின்னே இயந்திரத்தின் கைப்பிடியைத் தம்பி பிடித்திருந்தார்.